வேடந்தாங்கல் கவுல்: ஊரார் காத்த நீரும் பறவையும்

உயிரினப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களிலிருந்தே அதைத் தொடங்குகின்றனர். 1872-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, 1869-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம், 1887-இல் இந்தியாவில் வந்த காட்டுப்பறவைப் பாதுகாப்புச் சட்டம், 1936-இல் இமயமலை அடிவாரத்தில் அமைந்த ஹெய்லி தேசியப் பூங்கா என அவ்வரிசை செல்லும். அரசு ஆணையிட்டது, மக்கள் அடங்கினர், உயிர்கள் பிழைத்தன என்பதே அவ்வரலாறு நமக்குச் சொல்லாமல் சொல்லும் பாடம்.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள ஒரு சிற்றூர் இப்பாடத்தைத் தலைகீழாக்குகிறது. மேற்கூறிய சட்டங்களுள் ஒன்றேனும் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அவ்வூரார் தம் ஏரிப் பறவைகளைக் காத்து வந்தனர். துப்பாக்கியோடு வந்தவர்கள் மீது முறையிட்டனர். ஆட்சியாளரிடமிருந்து எழுத்து மூலம் ஓர் உறுதியும் பெற்றனர். அங்கே ஆணை மேலிருந்து இறங்கி வரவில்லை. கீழிருந்து கேட்டுப் பெறப்பட்டது. அவ்வூர் வேடந்தாங்கல். அவ்வுறுதியின் பெயர் கவுல். இவ்விரண்டின் வரலாற்றையும், அவ்வரலாறு இன்று மாமல்லபுரக் கடற்கரை வரை எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஏரிகளின் நாடு

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. காவிரிபோல் வற்றாப் பேராறு ஒன்று இம்மண்ணுக்கு வாய்க்கவில்லை. பாலாறும் செய்யாறும் கிளியாறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவன. எனவே ஐப்பசி, கார்த்திகையில் பொழியும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்து ஆண்டு முழுவதும் உண்ண வேண்டிய நிலை. அதற்காக எழுந்தவையே ஏரி, தாங்கல், குளம், குட்டை என அளவுக்கேற்பப் பெயர் பெற்ற நீர்நிலைகள். ஓர் ஏரியின் கலிங்கு வழிந்து அடுத்த ஏரி நிரம்பும். அது நிரம்பி அதற்கடுத்தது. ஓர் ஊரின் கரை உடைந்தால் கீழ் ஊர்களின் வாழ்வும் உடையும். இத்தகைய நிலத்தில் நீரைக் காப்பது தனியொருவர் வேலையாக இருத்தல் இயலாது.

அதைப் பொதுவேலையாக்கிய முறைக்குப் பழமையான சான்று இப்பகுதியிலேயே உள்ளது. மதுராந்தகத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுத் தேர்ந்தனர். ஏரியைப் பேணுவதற்கென்றே ஓராண்டுக் காலம் பொறுப்பேற்கும் ஒரு குழு! கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியம் செய்ய இயலாது என்பதும் அக்கல்வெட்டு விதித்த நெறியாகும்.

ஏரியில் நீர் மட்டும் இல்லை, மீனும் இருந்தது. 'ஏரிமீன் காசு', 'பாசிப்பாட்டம்' என்னும் வருவாய்ப் பெயர்கள் சோழர் காலக் கல்வெட்டுகளில் பயில்கின்றன. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்குப் பெறப்பட்ட இத்தகைய வருவாயை அவ்வேரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கிய செய்திகளும் உண்டு. நீர் தந்த பொருள் நீருக்கே திரும்பிற்று. மீன் குத்தகைப் பணத்தை ஊர்ப் பொதுவில் சேர்க்கும் வழக்கம் நம் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை நீடித்தமை, அம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

கவுல் என்னும் சொல்

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நிலப்பகுதி ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1763-இல் நவாப் முஹம்மது அலி வாலாஜா இதனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். கம்பெனி ஆவணங்கள் செங்கல்பட்டுச் சீமையை 'ஜாகீர்' என்றே நெடுங்காலம் குறித்தன. பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை இங்குள்ள ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஒவ்வோர் ஊரின் நிலம், குடி, மானியம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அறுவடையில் இன்ன பங்கு ஏரிக்கு, இன்ன பங்கு நீர் பாய்ச்சுவோனுக்கு என ஊர்தோறும் வகுக்கப்பட்டிருந்ததை அக்கணக்குகள் காட்டுகின்றன. பின்னர் 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் இப்பகுதி பெரும் அழிவுக்குள்ளாயிற்று; ஊர்கள் வெறிச்சோடின; ஏரிகள் பழுதுற்றன.

இந்நிலையில் 1794 முதல் 1798 வரை இங்குக் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். பழுதுற்ற ஏரிகளைச் செப்பனிட்டு வரி வருவாயைப் பெருக்குவதில் முனைந்தவர். மிராசுதாரர்களோடு ஓயாத பிணக்குக் கொண்டவர். 1799-இல் ஜாகீர் பற்றிய நீண்ட அறிக்கை ஒன்றை எழுதியவர். மதுராந்தகம் பேரேரி உடையும் தறுவாயில் இருந்தபோது அதனை இராமர் காத்தார் என வழங்கும் 'ஏரி காத்த இராமர்' கோயில் மரபுக்கதையில் இடம்பெறும் கலெக்டரும் இவரே. ஏரி உடைவது குறித்த அச்சம் அக்காலத்து ஆட்சியாளர்க்கும் குடிகளுக்கும் எவ்வளவு பொதுவாக இருந்தது என்பதற்கு அக்கதையே சான்று.

பிளேஸ் காலத்தில்தான் வேடந்தாங்கல் நிகழ்ச்சி நடந்தது. ஆங்கிலேயப் படைவீரர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் செங்கல்பட்டுக்குச் சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை ஏற்கும் கவுல் ஒன்றைப் பெற்றுத் திரும்பினர். 1858-இல் ஊரார் மீண்டும் வேண்ட, அன்றைய கலெக்டர் அவ்வுரிமையைப் புதுப்பித்தார்.

'கவுல்' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். அரபு மொழியில் 'கவ்ல்' என்றால் சொல், பேச்சு, சொன்ன வாக்கு. பாரசீக வழியாக ஆட்சிமொழியில் நுழைந்து, நிலக் குத்தகை உடன்படிக்கை, ஆட்சியாளர் குடிக்கு அளிக்கும் உறுதிச்சீட்டு என்னும் பொருளில் தமிழில் நிலைத்தது. இதனோடு உடன் வந்த சொற்கள் பல. பரம்பரை உரிமையைக் குறிக்கும் 'மிராசு' அரபியின் 'மீராஸ்'. ஏரியைச் செப்பனிடும் 'மராமத்து' அரபு வேரினது. அதனோடு 'குடி' என்னும் தமிழ்ச்சொல் சேர்ந்து 'குடிமராமத்து' ஆயிற்று. 'தாலுக்கா'வும் அவ்வாறே. ஏரி, மதகு, கலிங்கு, கரை என நீரைப் பற்றிய சொற்கள் தமிழாகவும், அந்நீரின் மீதான உரிமையைப் பற்றிய சொற்கள் அரபு-பாரசீகமாகவும் கலந்து நிற்கும் இக்காட்சி, ஆர்க்காட்டு ஆட்சி இம்மண்ணின் அன்றாட வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதைக் காட்டுகிறது.

ஆணை ஒருவரின் விருப்பம். கவுலோ இருவருக்கிடையிலான சொல்; கொடுத்தவரையும் கட்டும், பெற்றவரையும் கட்டும். வேடந்தாங்கல் ஊரார் பெற்றது கருணையன்று. அவர்கள் ஏற்கெனவே செய்துவந்த காவலுக்கு ஆட்சியின் ஒப்புதல். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

ஏன் காத்தனர்?

ஊரார் பறவைகளைக் காத்தது இரக்கத்தால் மட்டுமோ? இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல இயலாது. கூடு கட்டும் காலத்தில் தீபாவளி வந்தாலும் வெடி வெடியாமல் இருப்பது இவ்வூர்ப் பகுதியின் வழக்கம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் காப்பகத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊராரும் இவ்வாறே செய்கின்றனர். ஆயினும் இரக்கத்தோடு ஓர் உழவனின் கணக்கும் சேர்ந்திருந்தது.

வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. அதனுள் நீர்க்கடம்பு மரங்கள் தோப்பாக நிற்கின்றன. பின்னர் நட்ட கருவேல மரங்களும் உண்டு. மழையில் ஏரி நிரம்பியதும் இம்மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். சுற்றிலும் நீர் இருப்பதால் பூனை, கீரி முதலியவை கூடுகளை அணுக மாட்டா. எனவே நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு எனப் பல இனங்கள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. இவை கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன என்று பொதுவாகச் சொல்வதுண்டு. உண்மையில் இங்குக் கூடு கட்டுபவை பெரும்பாலும் தென்னிந்திய நீர்நிலைகளிடையே இடம்பெயரும் நம் நாட்டுப் பறவைகளே. ஊசிவால் வாத்து முதலிய சிலவே வடபுலத்திலிருந்து குளிர்காலம் கழிக்க வருவன. அவை இங்குக் கூடு கட்டுவதில்லை.

ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நாள்தோறும் ஏரி நீரில் விழுகிறது. அந்நீர் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிக்கதாகி மதகு வழியே வயலில் பாய்கிறது. இரசாயன உரம் என்னும் பெயரே அறியப்படாத காலத்தில் இது எத்தகைய செல்வம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மேலும் நத்தைக்குத்தி நாரை வயல் நத்தைகளை உண்கிறது. கொக்குகள் வயற்பூச்சிகளை உண்கின்றன. பறவை ஏரிக்கு வேண்டும், ஏரி வயலுக்கு வேண்டும், வயல் ஊருக்கு வேண்டும். இச்சங்கிலியை ஊரார் நூல் கற்று அறியவில்லை. விளைச்சலில் கண்டு அறிந்தனர்.

பறவைகள் உறங்குவதும் குஞ்சு பொரிப்பதும் இவ்வேரியில். இரை தேடுவதோ சுற்றிலுமுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். மதுராந்தகம் பேரேரியும், கரிக்கிலி, வெள்ளபுத்தூர் முதலிய ஏரிகளும் இல்லாமல் வேடந்தாங்கல் இல்லை. அவ்வேரிகளில் மீன் இல்லையேல் குஞ்சுகளுக்கு இரை இல்லை. ஒரு வட்டத்தின் மீன்வளமும் ஒரு தோப்பின் பறவைகளும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு கூட்டைக் காக்க வேண்டுமெனில் பத்து ஏரிகளைக் காக்க வேண்டும்.

'ஊரார்' என்பவர் யார்?

இவ்விடத்தில் ஒரு கசப்பான வினாவைத் தவிர்க்காமல் எழுப்ப வேண்டியுள்ளது. ஊரார் காத்தனர் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்த ஊரார் யார்?

உத்திரமேரூர்க் குடவோலையில் பெயர் எழுதப்பெற, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். ஏரியில் இறங்கி மண் சுமந்த கைகளுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. ஜாகீரில் மிராசு உரிமை வேளாளர், பிராமணர் முதலிய சிலரிடமே குவிந்திருந்தது. பண்ணையாட்களாகக் கட்டுண்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைச் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹியர் எழுதிய குறிப்பு, 1890-களின் தொடக்கத்தில் அரசின் முன் வைத்தது. அம்மக்கள் குடியிருக்கும் மனையும் தமக்கென இல்லாதிருந்தனர் என்பதே அதன் சாரம்.

குடிமராமத்தையும் பொற்கால நினைவாக மட்டும் கொண்டாடுதல் தகாது. கவுல் புதுப்பிக்கப்பட்ட அதே 1858-ஆம் ஆண்டில்தான் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஏரிக்கரையைக் காக்க ஊராரிடம் கட்டாய வேலை வாங்க அது வழி செய்தது. உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்ட அச்சட்டம், ஊர்ப்பொது என்னும் கருத்தையே வெறுக்கச் செய்தது. ஓராண்டில் ஓர் ஏரிக்குக் கவுல். மற்ற ஏரிகளுக்கெல்லாம் கட்டாயம். இரண்டில் எது நிலைத்தது என்பதற்கு வேடந்தாங்கலே விடை.

ஆகவே, பழைய ஊர்ப்பொதுவை அப்படியே மீட்போம் என்பது நம் கருத்தன்று. அதனுள் இருந்த நெறியை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலை எல்லார்க்கும் திறப்பதே இன்றைய கடமை.

ஊரிலிருந்து துறைக்கு

1936-இல் வேடந்தாங்கல் அரசால் பறவைக் காப்பிடமாக ஏற்கப்பட்டது. விடுதலைக்குப் பின் வந்த காலத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன் (1912–1996) போன்றோரின் எழுத்துகள் இவ்வூரைப் புற உலகுக்கு அறிமுகப்படுத்தின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் சரணாலயத்துள் அடங்குவதாக அறிவிக்கப்பட்டது. பறவை இரை தேடும் பரப்பும் காக்கப்பட வேண்டும் என்னும் அறிவியல் இதில் உண்டு. அவ்வகையில் இது நல்ல முடிவே. ஆயினும் அந்த 5 கிலோமீட்டருக்குள் ஊர்களும் வயல்களும் தனியார் நிலங்களும் அடங்கின. காவலர்களாக இருந்த மக்கள், சட்டத்தின் பார்வையில் கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களாக மாறினர்.

2020-இல் இந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தது. எல்லைக்குள் தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு இடம் தரவே இம்முயற்சி என்று சூழலியலாளரும் பொதுமக்களும் எதிர்த்தனர். ஊரடங்குக் காலமாயினும் எதிர்ப்பு ஓயவில்லை. அம்முன்மொழிவு நடைமுறைக்கு வரவில்லை. 2022-இல் வேடந்தாங்கலும், அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் நிலங்களாகப் பன்னாட்டு ஏற்பைப் பெற்றன. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பெயரால் இவ்வேற்பு வழங்கப்படுகிறது.

துப்பாக்கியோடு வந்தவர்களை எதிர்கொள்ள ஊராருக்கு ஒரு கலெக்டரிடம் செல்லும் வழி இருந்தது. வரைபடத்தில் எல்லையை மாற்றும் அலுவலக முடிவை எதிர்கொள்ள அவர்களுக்கு என்ன வழி உள்ளது? பொதுமக்கள் குரல் இம்முறை வென்றது. ஒவ்வொரு முறையும் வெல்லும் என்று எவர் உறுதி கூற இயலும்? குரலை நம்பியிருப்பதும் உரிமையை நம்பியிருப்பதும் ஒன்றல்ல.

கடற்கரையில் அதே கேள்வி

மதுராந்தகத்திலிருந்து கிழக்கே சென்றால் கடல். கோவளம், வடநெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனத் தொடரும் இக்கரையில் பட்டினவர் மீனவர் ஊர்கள் நிரம்பியுள்ளன. தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த கோவளம் தர்காவை அறியாதார் நம்மில் இலர். இக்கரையிலும் ஏரியின் கதையே வேறு உருவில் நடக்கிறது.

மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் வலிமையானது. கடலுக்கு வேலி இல்லை என்பர். ஆனால் நெறி இருந்தது. பிறருக்கும் மீன்வளத்துக்கும் தீங்கு எனக் கண்ட வலைகளுக்கு இப்பஞ்சாயத்துகள் தாமே தடை விதித்து வந்ததை, சோழமண்டலக் கரையை ஆராய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க் 2001-இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். வடக்கே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்னும் முறை உண்டு. இறால் மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமையை ஊர்க் குடும்பத்தார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பர். உத்திரமேரூரின் குடமும் பழவேற்காட்டின் சீட்டும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். வளம் குறைவு, வேண்டுவோர் பலர் என்ற நிலையில், வலியவன் முந்திக்கொள்ளாதிருக்கச் சீட்டைவிட நேர்மையான நடுவர் இல்லை. ஆயினும் பாடு முறையிலும் உறுப்பினர் அல்லாதார் வெளியே நிற்கின்றனர் என்பதை மறத்தல் கூடாது.

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பகுதியைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கப்பால் செல்லப் பணித்தது. சுருக்குமடி வலைக்கு 2000-இல் மாநில அரசு தடை விதித்தது. அது குறித்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2023-இல் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரு நாள் மட்டும் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கும் இடைக்கால ஆணை வந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. சட்டம் இருக்கிறது. 3 மைலுக்குள் இழுவலைப் படகு வராமல் காவல் காப்பவர் யார் என்பதே வினா.

அக்காவல் தவறும்போது விலை கொடுப்பவை கடலாமைகளும்தாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் ஏறி முட்டையிடுகின்றன. 1970-களிலேயே சென்னை இளைஞர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கத் தொடங்கினர்; 1988-இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் கூட்டமைப்பு உருவாயிற்று. 2002-இல் தொடங்கிய 'ட்ரீ ஃபவுண்டேஷன்' மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கிற்று. இது வேடந்தாங்கல் வழி. ஆயினும் 2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரைக்கு அருகில் இழுவலைகளில் சிக்கி, மூச்சுவிட மேலெழ இயலாமல் அவை மூழ்கி மாய்ந்தன என்று வல்லுநர் கூறினர். கரையில் மீனவ இளைஞன் ஒவ்வொரு முட்டையாக எண்ணிக் காக்கிறான். கடலில் அவன் கை எட்டாத இடத்தில் தாய் ஆமை மடிகிறது. அவனுக்குக் கடமை அளித்தோம், அதிகாரம் அளிக்கவில்லை.

வேட்டையாடியோரே காவலரான இன்னொரு சான்றும் இதே கரையில் உண்டு. இருளர் மக்கள் பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வந்தவர்கள். 1970-களில் அவ்வணிகம் தடைசெய்யப்பட்டதும் அவர்கள் பிழைப்பு அற்றுப் போயிற்று. 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து உருவாகும் மருந்தே நாடெங்கும் பாம்புக்கடிக்கு ஆளானோரைக் காக்கிறது. இவர்களுள் இருவர், வடிவேல் கோபால், மாசி சடையன், 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். உயிரைக் காக்கும் வழி பிழைப்பையும் காத்தால், அது நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஹிமா தரும் ஒளி

உலக வரலாற்றில் இதற்கு ஒப்புமை தேடின், அரபு நிலத்தின் 'ஹிமா' முறை நம் கண்முன் நிற்கிறது. ஹிமா என்பது காக்கப்பட்ட இடம். இஸ்லாத்துக்கு முன்னர்க் குலத்தலைவர்கள் வளமான மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென வளைத்துக்கொண்டு பிறரை விலக்கினர். நபி (ஸல்) அவர்கள் அத்தனியுரிமையை ஒழித்து, பொதுநலனுக்கு மட்டுமே ஹிமா அமையலாம் என வரையறுத்தார்கள். மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ நிலம் அவ்வாறு காக்கப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக அமர்த்தியபோது கூறிய அறிவுரை ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியோரை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளை விடாதே என்பது அதன் கருத்து. செல்வர்களின் கால்நடை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் பயிரும் உண்டு. எளியோருக்கு அதுவே வாழ்வு. பெயர் சுட்டப்பட்ட இருவரும் மாண்பு மிக்க நபித்தோழர்கள் என்பதைக் கருதும்போது, அந்நீதியின் கூர்மை புலப்படும். கட்டுமரத்துக்கு இடம் விட்டு இழுவலைப் படகை விலக்கும் 3 மைல் நெறியின் உட்பொருள் இதுவேயன்றோ! காத்தல் என்பது எல்லாரையும் விலக்குதல் அன்று. முதலில் யாரை விலக்குவது, கடைசிவரை யாரை உள்ளே வைத்திருப்பது என்று அறிதல்.

இம்முறை ஏட்டோடு நின்றுவிடவில்லை. லெபனானில் 2004 முதல் ஊராட்சிகளின் பொறுப்பில் ஹிமாக்கள் மீண்டும் நிறுவப்பட்டன. வலசைப் பறவைகளைக் காப்பது அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. ஆப்பிரிக்கக் கீழைக்கரையில் பெம்பாவை அடுத்த மிசாலி தீவில், வெடிவைத்து மீன்பிடிப்பதைத் தடுக்க அரசு ஆணைகள் போதாதபோது, மீனவர் அறிந்த மார்க்க நெறியின் மொழியில் அவர்களோடு பேசும் முயற்சி 1990-களின் இறுதியில் தொடங்கிற்று. எம்மக்களுக்கு எம்மொழி நெஞ்சில் பதியுமோ அம்மொழியில் பேச வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறைகளை ஆராய்ந்து 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், அத்தகைய முறைகள் நிலைப்பதற்கு வேண்டிய நெறிகளைத் தொகுத்தார். எல்லை தெளிவாயிருத்தல், பயன்படுத்துவோரே விதி வகுத்தல், காவலர் அவர்களுக்குக் கணக்குக் காட்டுதல், அவர்தம் உரிமையை மேலாட்சி மதித்தல் என்பன அவற்றுள் சில. இவற்றை நோக்கும்போது, கணக்குக் காட்டும் வாரியத்தை உத்திரமேரூரிலும், மேலாட்சியின் மதிப்பை வேடந்தாங்கல் கவுலிலும் நாம் அடையாளம் காண்கிறோம்.

புதிய கவுல்

இன்றைய சட்டத்திலும் கவுலுக்கு இடம் இல்லாமலில்லை. வனவிலங்குச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம் 'சமுதாயக் காப்பகம்' என்னும் வகையை உருவாக்கிற்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனம் சார்ந்து வாழ்வோருக்கு நீர்நிலை மீன்கள் மீதும் சமுதாய உரிமையை ஏற்கிறது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரையே மீட்டெடுத்து ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் தொடங்கிற்று. பெயர் திரும்பியது, பெயருக்குரிய உரிமை திரும்பியதா என்பதை ஒவ்வோர் ஊரும் தன் ஏரிக்கரையில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புதிய கவுலில் மூன்று தரப்பார் இடம்பெற வேண்டும் என்பது நம் துணிபு. காலங்காலமாகக் காத்த ஊராரும் மீனவரும் ஒரு தரப்பு. அறிவியலும் சட்டமும் உடைய துறையினர் மற்றொரு தரப்பு. பழைய குடத்தில் ஓலை கிடைக்காத உழைப்பாளர், இருளர், பெண்கள் ஆகியோர் மூன்றாம் தரப்பு. இம்மூன்றாம் தரப்பை விட்டுவிட்டு எழுதப்படும் எக்கவுலும் பழைய அநீதியின் புதுப்படியாகவே முடியும்.

வேடந்தாங்கல் என்னும் பெயரில் வேடன் இருக்கிறான். வேட்டைக் களமாக இருந்த நீர்நிலை புகலிடமாக மாறியது, வேடனைத் துரத்தியதால் அன்று. அங்கு வாழ்ந்தோர் காவலை ஏற்றதால், அவர்கள் ஏற்ற காவலை ஆட்சி மதித்துச் சொல் கொடுத்ததால். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் பறவைகள் வருகின்றன. மழை பெய்து ஏரி நிரம்பினால் இவ்வாண்டும் வரும். தம் பங்கை அவை தவறாமல் செய்கின்றன. கொடுத்த சொல்லைக் காப்பது மட்டுமே நம் பங்கு.